ஒப்பந்தம் கையெழுத்தான பின் அமைதியைக் காப்பவர் யார்? டர்பன் கலந்துரையாடலை முன்னிட்டு ஒரு கேள்வி

கேட்பவர்: ஃபீனிக்ஸ் தமிழாசிரியை

வணக்கம். அடுத்த மாதம் டர்பனில் நடைபெறவிருக்கும் ஒரு பன்னாட்டுக் கலந்துரையாடலுக்கு எங்கள் பகுதியிலிருந்து சிலர் அழைக்கப்பட்டிருக்கிறோம். அவர்களுள் நானும் ஒருத்தி. இலங்கை, மொசாம்பிக், வட அயர்லாந்து ஆகிய இடங்களிலிருந்து வருவோருடன் அமர்ந்து, சண்டை ஓய்ந்து உடன்பாடு ஏற்பட்ட பிறகு அந்த அமைதியை நிலைக்கச் செய்வது எவ்வாறு என்பதைப் பேசப் போகிறோம். நான் அரசியல் படித்தவள் அல்லள். வார இறுதிகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். ஆகவே, விவரம் அறிந்தவர்களின் துணையை இங்கே நாடுகிறேன்.

இத்தகைய கூட்டங்களில் நம் தென்னாப்பிரிக்காவின் கதை பெரும்பாலும் ஒரே வகையில்தான் சொல்லப்படுகிறது. 1990-இல் நெல்சன் மண்டேலா விடுதலையானார், 1994-இல் அனைவரும் வாக்களித்தனர், பின்னர் நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமர்ந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். டர்பனை ஒட்டி இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸில் இருக்கும் எனக்கு அதை அப்படியே ஒப்பிக்க மனம் வரவில்லை. 2021 ஜூலையில் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமா சிறை சென்றதைத் தொடர்ந்து எழுந்த கலவரத்தில் இந்நாட்டில் 350-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் 36 பேர் ஃபீனிக்ஸில் இறந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க மக்கள். காவல்துறை வராத தெருக்களில் நம்மவர்கள் தாங்களே தடுப்புகளை அமைத்துக் காவல் நின்றார்கள். தற்காப்பு என்று தொடங்கியது சில இடங்களில் கொலையாக முடிந்தது. ஆப்பிரிக்க மக்கள் வாழும் இனாண்டாவும் பாம்பாயியும் எங்களுக்குச் சாலையின் மறுபக்கத்தில்தான் இருக்கின்றன. அன்று அங்கிருப்பவர்களிடம் பேச எங்களிடம் ஒரு தொலைபேசி எண்கூட இருக்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் ஊர்தோறும் அமைதிக் குழுக்கள் இயங்கின என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவை உண்மையில் என்ன செய்தன, ஏன் மறைந்தன, இன்று இருந்திருந்தால் 2021-இல் ஏதேனும் மாறியிருக்குமா என்பது என் முதல் கேள்வி. வெளிநாடுகளிலிருந்து வருவோரிடம் நாங்கள் எதைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. புகழுரை வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மறுமொழி: மாரிட்ஸ்பர்க் முன்னாள் கண்காணிப்பாளர்

அம்மா, முதல் கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். 1993-இலும் 1994-இலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதியில் அமைதிக் கண்காணிப்பாளர்களுள் ஒருவனாகத் தொண்டாற்றியவன் நான்.

தேசிய அமைதி உடன்படிக்கை 1991 செப்டம்பர் 14 அன்று ஜொகன்னஸ்பர்கில் கையெழுத்தானது. அரசாங்கம் கூட்டிய மாநாட்டை மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் புறக்கணித்திருந்தது. அதன் பிறகு தேவாலயத் தலைவர்களும் வணிகர் அமைப்புகளும் நடுவில் நின்று எல்லாத் தரப்பையும் ஒரே மேசைக்கு அழைத்து வந்தார்கள். அன்றைய ஆளும் தேசியக் கட்சியும், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும், அதனுடன் மோதிக்கொண்டிருந்த, ஜூலு மக்களிடையே வலுவான இன்காத்தா சுதந்திரக் கட்சியும் ஒப்பமிட்டன. வேறு சில கட்சிகள் ஒப்பமிட மறுத்தன. கட்சிகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், காவல்துறை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான விதிகள் அதில் எழுதப்பட்டன. இந்த ஏற்பாட்டுக்கு 1992-இல் சட்ட வடிவமும் கொடுத்தார்கள். தேசிய அளவில் ஒரு குழுவும் ஒரு செயலகமும், அவற்றின் கீழ் 11 வட்டாரக் குழுக்களும், அவற்றின் கீழ் 1994 தேர்தலுக்குள் 250-க்கும் மேற்பட்ட உள்ளூர்க் குழுக்களும் அமைந்தன. வன்முறையின் பின்னணியை விசாரிக்க நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன் தலைமையில் ஓர் ஆணையம் தனியே இயங்கியது. காவல்துறைக்குள்ளேயே சிலர் ஆயுதங்களைக் கொடுத்து மோதலைத் தூண்டுகிறார்கள் என்று மக்கள் முணுமுணுத்து வந்த செய்திக்கு அந்த ஆணையம்தான் 1994 மார்ச்சில் சான்றுகளை வெளியிட்டது.

நீங்கள் கேட்பது உள்ளூர்க் குழுவைப் பற்றி. அதன் கூட்டம் பெரும்பாலும் ஒரு தேவாலயக் கூடத்திலோ நகராட்சி அறையிலோ நடக்கும். இரு கட்சிகளின் ஆட்கள், காவல் நிலைய அதிகாரி, இராணுவத்தைச் சேர்ந்த ஒருவர், பாதிரியார், கடைக்காரர், டாக்ஸி சங்கத்தார், நகராட்சி அலுவலர் ஆகியோர் அமர்ந்திருப்பர். சனிக்கிழமை ஒரு பேரணி என்றால், எந்தத் தெரு வழியாகச் செல்வது, வெளியூர்த் தொழிலாளர் தங்கும் எந்த ஹாஸ்டலின் வாசலைத் தவிர்ப்பது, எத்தனை மணிக்குள் கலைவது, சடங்குக் கம்புகளைத் தவிர வேறு என்ன கொண்டுவரக் கூடாது என்பன போன்றவை அங்கே வாரத்தின் நடுவிலேயே முடிவாகும். ஒரு கொலை நடந்துவிட்டால், அதைவிடப் பெரிய ஆபத்து அதன் பின்வரும் சவ ஊர்வலம்தான். புறாச் சின்னம் பொறித்த மேலாடையை அணிந்து ஊர்வலத்துக்கும் எதிர்த்தெருவில் திரண்டவர்களுக்கும் இடையில் நாங்கள் நிற்போம். கையில் ஆயுதம் கிடையாது. வானொலிக் கருவி உண்டு, இரு தரப்புத் தலைவர்களின் பெயரும் எண்ணும் உண்டு. வதந்தி ஒன்று கிளம்பினால், அது உண்மையா என்று அரை மணி நேரத்துக்குள் மறுபக்கத்தில் கேட்டறிந்து சொல்ல ஆள் இருந்தார் என்பதுதான் அந்த அமைப்பின் முதன்மையான பயன். 1993 ஏப்ரல் 10 அன்று விடுதலைப் போராட்டத் தலைவர் கிறிஸ் ஹானி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்த நாட்களில், நாடு முழுவதும் எரிந்துபோகாமல் நின்றதற்கு மண்டேலாவின் தொலைக்காட்சி உரை ஒரு காரணம் என்றால், தெருக்களில் நின்ற இந்தத் தொண்டர்கள் இன்னொரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன். குவாசூலு பகுதியின் பல இடங்களில் குழுவை அமைக்கவே முடியவில்லை. எடன்டேல் பள்ளத்தாக்கில் 1990 மார்ச் இறுதியில் நடந்த ஏழு நாள் போரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டுப் பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். அந்தப் புண் ஆறாத ஊர்களில் எதிரெதிரே உட்காரச் சொல்வதே கொடுமையாக இருந்தது. 1990-க்கும் 1994-க்கும் இடையில் இந்நாட்டின் அரசியல் வன்முறையில் ஏறத்தாழ 14,000 பேர் இறந்தார்கள். குழுக்கள் இருந்தும் இத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது.

வெளிநாட்டினரின் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1992 ஜூன் 17 அன்று போய்பட்டோங் படுகொலை நடந்து, பேச்சுவார்த்தை முறிந்த பின், ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை ஆகஸ்டில் தீர்மானம் 772-ஐ நிறைவேற்றிப் பார்வையாளர்களை அனுப்பியது. காமன்வெல்த், ஐரோப்பியச் சமூகம், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு ஆகியனவும் ஆட்களை அனுப்பின. தொடக்கத்தில் அவர்கள் சில பத்துப் பேர்தான். அவர்கள் யாருக்கும் கட்டளையிடவில்லை. உள்ளூர்க் குழுக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார்கள், பேரணியில் உடன் நடந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் குறிப்பேட்டுடன் நிற்பதைக் கண்டதும் காவல் அதிகாரியின் பேச்சுத் தொனி மாறியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இங்கே ஏற்கெனவே இருந்த அமைப்புக்கு அவர்கள் வலுச் சேர்த்தார்கள். அதற்குப் பதிலாகத் தாங்கள் ஒன்றை நடத்தவில்லை.

பிறகு தேர்தல் வந்தது. புதிய அரசு பதவியேற்று நெடுநாள் ஆகுமுன்னரே தேசிய அமைப்பு கலைக்கப்பட்டது. மக்களாட்சி வந்துவிட்டது, இனி நாடாளுமன்றமும் காவல்துறையும் பார்த்துக்கொள்ளும் என்பது அன்றைய எண்ணம். ஆனால் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கொலைகள் நிற்கவில்லை. 1995 கிறிஸ்துமஸ் நாளன்று ஷோபஷோபானேயில் 19 பேர் கொல்லப்பட்டார்கள். ரிச்மண்டில் 1997, 1998 ஆண்டுகளிலும் இரத்தம் சிந்தியது. இன்காத்தா தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, 1994 ஏப்ரல் 19 அன்றுதான் போட்டியிட ஒப்புக்கொண்டது. அச்சிட்டு முடித்த வாக்குச் சீட்டுகளின் அடியில் அக்கட்சியின் பெயரைத் தனியே ஒட்டினார்கள். அன்றைய உடன்பாட்டில், எஞ்சிய பிணக்குகளைத் தேர்தலுக்குப் பின் பன்னாட்டு நடுவர்களிடம் வைப்பதாக ஒரு வாக்குறுதி இருந்தது. அது நிறைவேறவே இல்லை. தலைவர்கள் மட்டத்தில் வேறு வழி கண்டார்கள்: இன்காத்தா தலைவர் மங்கோசுது புத்தெலேசி மத்திய அமைச்சரானார், மாகாண அரசில் இரு கட்சியாரும் சேர்ந்து அமர்ந்தார்கள், மெல்ல மெல்லச் சண்டை அடங்கியது. மேலே பாலம் கட்டினார்கள். கீழே இருந்த பாலத்தைப் பிரித்துவிட்டார்கள். 2021-இல் உங்களிடம் தொலைபேசி எண் இல்லாமல் போனதன் வேர் அங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

மறுமொழி: ஜொகன்னஸ்பர்க் ஈழத்தமிழர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மேலே ஐயா எழுதியதைப் படித்தபோது எனக்கு இலங்கையின் 2002-ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் ஒரு பிரிவு நினைவுக்கு வந்தது. கலந்துரையாடலுக்கு இலங்கையிலிருந்து வருவோரிடம் அதைப் பற்றியே நீங்கள் கேட்கலாம்.

நோர்வேயின் அனுசரணையுடன் 2002 பெப்ரவரி 22 அன்று கையெழுத்தான அந்த உடன்படிக்கை, நோர்டிக் நாட்டவரைக் கொண்ட கண்காணிப்புக் குழுவுக்கு வழி செய்தது. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு மாவட்டங்களில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்களும் அமைய வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து பேர்: அரசு நியமிக்கும் இருவர், விடுதலைப் புலிகள் நியமிக்கும் இருவர், தலைவராக ஒரு வெளிநாட்டவர். இதை ஐயா விவரித்த தேவாலயக் கூடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் குழுவில் மீனவர் சங்கத்துக்கு இடமில்லை, ஆசிரியருக்கு இடமில்லை, போரில் பிள்ளையை இழந்த தாய்க்கு இடமில்லை. கிழக்கு மாகாணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வாழும் முஸ்லிம் மக்கள் தமக்கெனத் தனித் தரப்பு வேண்டும் என்று பேச்சுவார்த்தை மேசையிலேயே கேட்டும் அது கிடைக்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்த இரு தரப்பும் ஒரு வெளிநாட்டவரும் மட்டுமே அமைதியின் உரிமையாளர்களாக இருந்தார்கள். அந்த இரு தரப்பும் விலகிச் சென்றபோது, அதைப் பிடித்து நிறுத்த நடுவில் ஒருவரும் இல்லை.

வெளிநாட்டவரின் நிலையும் உறுதியாக இருக்கவில்லை. 2002 செப்டம்பரிலிருந்து 2003 மார்ச் வரை ஆறு சுற்றுப் பேச்சுகள் தாய்லாந்து, ஒஸ்லோ, பெர்லின், ஜப்பான் என்று நாடு நாடாக நடந்தன. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். ஜூனில் தோக்கியோ மாநாட்டில் 450 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. பேச்சு நின்றுபோன பின் பணம் மட்டும் மேசைக்கு வந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டுமே எஞ்சின. 2008 ஜனவரியில் அரசு உடன்படிக்கையிலிருந்தே விலகியது. 2009 மே மாதத்தில் அது எங்கே போய் முடிந்தது என்பதை இங்கு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

உண்மை ஆணையத்தைப் பற்றியும் ஒரு சொல். போருக்குப் பின் இலங்கை ஆட்சியாளர்கள் தென்னாப்பிரிக்க முன்மாதிரியைப் பலமுறை பேசியிருக்கிறார்கள். 2014-இல் அன்றைய தென்னாப்பிரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் சிரில் ராமபோசா சிறப்புத் தூதராகக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்றார். 2023-இல் இலங்கை அமைச்சர்கள் இங்கே வந்து விவரம் கேட்டறிந்தார்கள். 2015-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவைத் தீர்மானத்துக்கு இலங்கை தானே இணை அனுசரணை வழங்கி, 2020-இல் அதிலிருந்து பின்வாங்கியது. இந்தப் பயணங்களில் இலங்கை அரசு தேடுவது பெரும்பாலும் மன்னிப்புக்கான வழியைத்தான் என்று எங்கள் மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குத் தென்னாப்பிரிக்க அனுபவமே காரணம் தருகிறது. இங்கே 7,000-க்கும் மேற்பட்டோர் பொதுமன்னிப்புக் கேட்டு விண்ணப்பித்தார்கள், 849 பேருக்கு அது வழங்கப்பட்டது. மன்னிப்புப் பெறாதவர்கள் மீது வழக்குத் தொடர வேண்டும் என்பதே அன்றைய பேரம். ஆணையம் ஏறத்தாழ 300 வழக்குகளைக் குற்றவியல் துறைக்கு அனுப்பியும் மிகச் சிலவே நீதிமன்றம் சென்றன. 1971-இல் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது திமோல் தற்கொலை செய்துகொள்ளவில்லை, கொல்லப்பட்டார் என்ற தீர்ப்பைப் பெற அவர் குடும்பம் 2017 வரை போராட வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் காவலர் வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே 2021-இல் இறந்துபோனார். இந்த வழக்குகள் ஏன் தடைபட்டன என்று ஆராய 2025-இல்தான் நீதிபதி சிசி கம்பெபே தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இழப்பீட்டிலும் இதே கதை: ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 17,000 முதல் 23,000 ரேண்டு வரை தர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது, 2003-இல் அரசு ஒரே தவணையாக 30,000 ரேண்டு கொடுத்து முடித்தது.

ஆகவே, ஆசிரியை அவர்களே, எங்கள் நாட்டிலிருந்து வருவோர் உங்களிடம் ஆணையம் எப்படி நடந்தது என்று கேட்பார்கள். ஆணையம் முடிந்த மறுநாளிலிருந்து என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி ஆண்டுக்கணக்கில் தெருவோரம் அமர்ந்திருக்கும் வடக்கு, கிழக்குத் தாய்மாருக்கு அதுவே பயன்படும்.

மறுமொழி: கேப் டவுன் ஆய்வு மாணவர்

மாரிட்ஸ்பர்க் ஐயாவின் தொண்டின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் குழுக்களைக் கலைத்தது தவறு என்ற முடிவை அப்படியே ஏற்க எனக்கு இயலவில்லை. தேர்ந்தெடுக்கப்படாத குழுக்கள் காலவரையறையின்றி ஊரை நடத்துவதும் ஆபத்தானது. யாருக்குக் கணக்குக் கொடுப்பது என்பது தெரியாமல் போனால், அந்தக் குழுவே உள்ளூர்ச் சண்டியர்களின் கையில் விழும். 1995-ஆம் ஆண்டுக் காவல் சேவைச் சட்டம் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் சமூகக் காவல் மன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. அமைதிக் குழுக்கள் செய்த வேலையின் ஒரு பகுதியைச் சட்டப்படியான அமைப்புக்கு மாற்றும் முயற்சியாகவே அதை நான் பார்க்கிறேன். அதற்குப் போதிய பணமும் பயிற்சியும் கொடுக்காததுதான் குறை.

எங்கள் அண்டை நாடுகளைப் பார்த்தால், வெளியுலகம் எவ்வளவு காலம் உடன் நிற்கிறது என்பதே பெரிதாகத் தெரிகிறது. அங்கோலாவில் 1992 செப்டம்பர் தேர்தலைக் கண்காணிக்க ஐ.நா. சில நூறு பேரை மட்டுமே அனுப்பியது. படைகளைக் கலைத்து முடிக்குமுன்பே வாக்குப்பதிவு நடந்தது. தோற்ற கிளர்ச்சித் தலைவர் ஜோனாஸ் சவிம்பி மீண்டும் போருக்குப் போனார். 2002 வரை அது நீண்டது. அதைக் கண்டு பாடம் கற்றதால், 1992 அக்டோபரில் ரோமில் உடன்பாடு கண்ட மொசாம்பிக்குக்குப் பல்லாயிரம் படையினர் அனுப்பப்பட்டனர், கிளர்ச்சி இயக்கமான ரெனாமோ ஓர் அரசியல் கட்சியாக மாறுவதற்கென்றே தனி நிதியும் ஒதுக்கப்பட்டது, 1994 தேர்தல் அமைதியாக முடிந்தது. ஐ.நா. படை அவ்வாண்டே புறப்பட்டுவிட்டது. ரெனாமோவின் ஒரு பகுதியினர் ஆயுதங்களை விடாமலே இருந்தார்கள். 2013-இல் மீண்டும் சண்டை. 2019-இல் மாபுட்டோவில் புதிய உடன்பாடு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட போராளிகளின் ஆயுதக் களைவு 2023-இல்தான் முடிந்தது. ரோமிலிருந்து எண்ணினால் 30 ஆண்டுகளுக்கு மேல். மொசாம்பிக்கிலிருந்து வருவோரிடம், இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் போராளிகளின் ஓய்வூதியத்தைப் பற்றி யார் பேசினார்கள் என்று கேளுங்கள்.

புருண்டி எனக்கு இன்னும் வருத்தம் தருவது. தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் மண்டேலா முடித்துவைத்த அருஷா உடன்பாடு 2000 ஆகஸ்டில் கையெழுத்தானது. நம் நாட்டுப் படையினர் அங்கே காவல் நின்றார்கள். 2005-இல் ஐ.நா. அமைதிகட்டுமான ஆணையத்தை ஏற்படுத்தியபோது, அதன் முதல் இரு நாடுகளுள் புருண்டியும் ஒன்று. இராணுவத்தில் ஹூட்டு, டுட்சி ஆகிய இரு இனத்தாருக்கும் சரிபாதி என்ற விதி உண்மையாகவே பல உயிர்களைக் காத்தது. ஆனால் 2015-இல் குடியரசுத் தலைவர் மூன்றாம் முறையும் போட்டியிட முனைந்தபோது, அந்த ஆணையத்தால் எச்சரிக்கை மட்டுமே விடுக்க முடிந்தது. இலட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு ஓடினார்கள். அதற்கு மறு ஆண்டு, 2016 ஏப்ரலில், அமைதியை நிலைக்கச் செய்வது என்பது சண்டை மூளுமுன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் தொடர வேண்டிய பணி என்று பாதுகாப்புச் சபையும் பொதுச் சபையும் ஒரே கருத்தில் தீர்மானம் இயற்றின. தீர்மானம் நன்று, பணம் இன்னும் பெரும்பாலும் சண்டை மூண்ட பிறகே வருகிறது.

நீண்ட காலம் உடன் நின்றதற்குச் சான்று வேண்டும் என்றால் வட அயர்லாந்துதான். 1986-இலேயே அயர்லாந்துக்கான பன்னாட்டு நிதியம் தொடங்கப்பட்டது, 1995-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அமைதித் திட்டங்களுக்குப் பணம் தந்து வருகிறது, 1998-இல் உடன்பாடு. அதன் பிறகும் சட்டமன்றம் ஆண்டுக்கணக்கில் முடங்கிய காலங்கள் உண்டு. ஆயினும் போர் திரும்பவில்லை. அவர்கள் நம்மிடமும் கற்றார்கள்: 1997-இல் அங்குள்ள கட்சிகள் அனைத்தும் நம் தென்கடற்கரையில் ஆர்னிஸ்டனுக்கு அருகே வந்து தங்கின, ஒரே அறையில் உட்கார மறுத்ததால் மண்டேலா இரு தரப்பாரிடமும் தனித்தனியே பேசினார். 2000-இல் ராமபோசாவும் பின்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் மார்த்தி அக்திசாரியும் சென்று ஐரிஷ் குடியரசுப் படையின் ஆயுதக் கிடங்குகளைப் பார்வையிட்டார்கள்.

மறுமொழி: மாரிட்ஸ்பர்க் முன்னாள் கண்காணிப்பாளர்

தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. கணக்குக் கேட்க ஆளில்லாத குழுவை நானும் விரும்பவில்லை. ஆனால் காவல் மன்றத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது காவல் நிலையம் வாரியாக அமைகிறது. ஃபீனிக்ஸ் நிலையத்துக்கு ஒரு மன்றம், இனாண்டா நிலையத்துக்கு வேறொரு மன்றம். குழுப் பகுதிச் சட்டம் இனவாரியாக வகுத்துக் குடியேற்றிய ஊர்களுக்கு ஏற்பவே பல நிலையங்களின் எல்லைகள் இன்றும் இருக்கின்றன. ஆகவே, தன் ஊரின் திருடனைப் பற்றித் தன் ஊரார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடமாக அது ஆகிவிடுகிறது. பல நிலையங்களுக்குப் பொதுவான வாரியத்துக்கும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எங்கள் வட்டத்தில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் அரிது. பழைய குழுவின் உயிரே எதிர்ப்பக்கத்தார் அதில் இருந்ததுதான்.

இது இன்று தோன்றிய தேவையும் அன்று. 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். 1985 ஆகஸ்டில் இனாண்டாவிலிருந்து இந்தியக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. காந்தி 1904-இல் நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பும் எரிந்தது. 2000-இல்தான் அது புதுப்பிக்கப்பட்டது. 1991-ஆம் ஆண்டு உடன்படிக்கை கட்சிகளுக்கு இடையிலான வன்முறையை நிறுத்த எழுதப்பட்டது. நம் இரு சமூகங்களுக்கும் இடையில் இருந்த பழைய அச்சத்தை அது தொடவே இல்லை. ஆகையால், குழுக்கள் நீடித்திருந்தால் 2021-இல் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். வதந்தியைச் சரிபார்க்க ஓர் ஆள் மறுபக்கத்தில் இருந்திருப்பார். அதனால் சில உயிர்களாவது தப்பியிருக்கும்.

அம்மா, இன்னொன்று. அந்தக் கலந்துரையாடலில் 2021-ஐப் பற்றி ஃபீனிக்ஸ்காரர்கள் மட்டும் பேசுவது முறையாகாது. ஈழத்து அன்பர் சொன்னதுபோல், மேசையில் இல்லாதவர் யார் என்பதே முதல் கேள்வி. டர்பனில் வாசு கவுண்டன் 1992-இல் தொடங்கிய அக்கார்டு நிறுவனம் போன்றவை ஆப்பிரிக்கா முழுவதும் சென்று நடுநிலைப் பணி செய்கின்றன. அவ்வளவு அறிவு குவிந்த நகரத்தில், சாலையின் இரு பக்கத்தாரையும் ஒரே அறையில் உட்காரவைக்க நம்மால் முடிய வேண்டும்.

கேட்பவர்: ஃபீனிக்ஸ் தமிழாசிரியை

அனைவருக்கும் நன்றி. ஐயாவின் கடைசிப் பத்தியைப் படித்ததும் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிவிட்டேன்: பாம்பாயியிலிருந்தும் அமாவோட்டியிலிருந்தும், குறிப்பாக 2021-இல் உறவினரை இழந்த குடும்பங்களிலிருந்து, வர விரும்புவோருக்கு எங்களுக்குச் சமமான நேரம் ஒதுக்க வேண்டும், அவர்கள் ஜூலு மொழியிலேயே பேசவும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இலங்கையிலிருந்து வருவோரிடம் ஐவர் குழுவைப் பற்றியும், மொசாம்பிக்கிலிருந்து வருவோரிடம் ஓய்வூதியத்தைப் பற்றியும், வட அயர்லாந்திலிருந்து வருவோரிடம் ஆட்சி முடங்கிய ஆண்டுகளில் தெருக்களை யார் பார்த்துக்கொண்டார்கள், அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றியும் கேட்பேன்.

ஏற்பாட்டாளர்கள் மறுத்தால், எங்கள் பள்ளிக்கூடத்து அறையில் முன்கூட்டியே அந்தச் சந்திப்பை நடத்த இடம் கேட்டுப் பெற்றிருக்கிறேன். ஐயா, மாரிட்ஸ்பர்க்கிலிருந்து நீங்கள் வந்து அன்றைய கூட்டத்தை நடத்தித் தர இயலுமா? இனாண்டாவில் உங்களோடு அந்நாளில் பணியாற்றியவர் எவரேனும் இன்றும் இருந்தால், அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.